சாப்பாட்டுக்குப் பின் பத்துச் சொல்

நாகர்கோவிலில் ஜெசிந்தா என்றொரு நர்ஸ் இருந்தாள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவள் ஊசி போட்டால் குழந்தைகூட அழாது என்று பேர். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தருகிறோம் என்றது. ஆனால் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டுமாம். இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் கோட்டை விட்டாள். சனிக்கிழமை மூன்றாவது தேர்வு. அதிலும் தோற்றால் வேலை இன்னொருத்திக்கு.

படிக்காமல் இருந்தாளா என்றால் இல்லை. கடினமான ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி, பின்னால் அர்த்தம் எழுதி, குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். காலையில் பத்து, மத்தியானம் பத்து, ராத்திரி பத்து, புதுசும் பழசுமாகப் படிப்பாள். எல்லாம் சாப்பாட்டுக்குப் பின். ஒரு வேளை தவறினதில்லை. நாலாயிரம் சேர்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஃபர்சானாவின் மாடி ஆங்கில வகுப்புக்கு வந்தாள். ஃபர்சானா அவளைவிடப் பதினைந்து வயசு சின்னவள். அந்த அறையில் ஒரே ஒரு சட்டம்: செருப்பைக் கழற்றுகிற இடத்தில் தமிழையும் கழற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே பேச்சு ஆங்கிலம்தான், சண்டையும் ஆங்கிலம்தான்.

"டீச்சர், என்கூட வந்த பெண்ணுக்கு இதில் பாதிச் சொல்கூடத் தெரியாது. அவ தேறிட்டா. என்னை ரெண்டு நிமிஷம் பேசச் சொன்னாங்க. எந்தச் சொல்லைப் போடலாம்னு தேடியே அரை நிமிஷத்தில் நாக்கு ஒட்டிக்கிச்சு. என்ன நியாயம் இது? இன்னும் எத்தனை சொல் படிக்கணும்?"

ஃபர்சானா பெட்டியை வாங்கி அலமாரிக்குள் வைத்தாள். பூட்டினாள்.

"என்ன செய்றீங்க?"

"இனி இது உங்களுக்கு வேண்டாம், சிஸ்டர்."

அவ்வளவுதான். ஜெசிந்தாவுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

"யாரைக் கேட்டுப் பூட்டினீங்க? ரெண்டு வருஷம், பஸ்ஸில் நின்னுக்கிட்டே படிச்சது. நான் முதல் ஊசி போட்டப்போ நீங்க ரெண்டாம் கிளாஸ் படிச்சிருப்பீங்க. டாக்டர் தப்பா மருந்து எழுதினா முகத்துக்கு நேரே சொல்றவ நான். கேட்காம என் பெட்டியில் கைவைக்க உங்களுக்கு என்ன ஆடாசிட்டி?"

அதோடு நிற்கவில்லை. தேர்வின்போது வாட்சையே பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, 'இந்த வயசில் உனக்கு எதுக்கு ஃபாரின்' என்று கேட்ட நாத்தனார், போன மாசம் வார்டில் பெட்ஷீட் இல்லாமல் போனது என்று ஒன்றுவிடாமல் வந்தது. ஃபர்சானா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். கடைசியில் மூச்சு வாங்கி ஜெசிந்தாவே நிறுத்தினாள்.

ஃபர்சானா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினொரு நிமிஷம் ஆங்கிலம். நாக்கு ஒட்டிக்கவே இல்லை."

பிறகு அலமாரியைத் திறந்தாள். பெட்டிக்குள் நிதானமாகத் தேடி ஒரே ஒரு சீட்டை எடுத்து ஜெசிந்தாவின் உள்ளங்கையில் வைத்தாள். முன்பக்கம் 'ஆடாசிட்டி'. பின்பக்கம் ஜெசிந்தாவின் கையெழுத்தில் 'துணிச்சல், திமிர்'.

"இது உங்களுடையது, சிஸ்டர்."

அலமாரியை மறுபடி பூட்டினாள்.

ஜெசிந்தா சீட்டையே பார்த்தாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"மிச்சமெல்லாம்? சனிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு."

"அப்போ நாளைக்கும் சண்டைக்கு வாங்க."