தண்ணீர் குடிக்காத காவல்காரி

ஆனைக்குட்டையின் கரையில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. அதன் உச்சிக் கிளையில் பூவாயி என்ற மந்தி காவல் இருந்தது. பிறந்து இருபது நாளே ஆன குட்டி ஒன்று அதன் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே புள்ளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது.

அந்தக் காட்டில் மானுக்கும் மந்திக்கும் இடையே வெகுகாலமாக ஓர் உடன்பாடு உண்டு. மந்தி மரத்தின் மேலிருந்து பார்க்கும். சிறுத்தை தெரிந்தால் குரல் கொடுக்கும். மான்கள் ஓடிப் பிழைக்கும். அதற்குப் பதிலாக, மந்தி தண்ணீர் குடிக்க இறங்கும்போது மான்கள் மேய்ச்சலை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் மோப்பம் பிடித்துக் காவல் நிற்கும். நல்ல ஏற்பாடு. இரண்டு பக்கமும் உயிர் பிழைத்தது.

அதைக் கெடுத்தவன் கிளைக்கொம்பன். அந்த ஆண்டுதான் அவன் மான் கூட்டத்துக்குத் தலைவன் ஆனான். தலைவன் ஆன மறுநாளே ஒரு பாறையின் மேல் ஏறி நின்று அறிவித்தான்.

"இன்று முதல் புதிய விதி! சூரியன் உதித்ததிலிருந்து மறையும் வரை காவல் மந்தி மரத்தை விட்டு இறங்கக் கூடாது! தண்ணீர் குடிக்க ஒரு முறை இறங்குகிறது. குடித்த தண்ணீருக்காக மூன்று முறை ஒதுங்கப் போகிறது. இது காவலா, உலாவா?"

உண்மையான காரணம் அதுவல்ல. மந்தி இறங்கினால் மான்கள் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் நாலு வாய் புல் குறைந்துவிடும். அந்த நாலு வாய் புல்லுக்காகத்தான் இத்தனை பெரிய பேச்சு! ஆனால் தலைவன் அதை வெளியே சொல்வானா?

"தாகம் என்பது பலவீனம்! ஏழு நாள் பகலில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் காவல் இருக்கும் மந்திக்குக் 'காவல் திலகம்' என்ற பட்டம் தருவோம். கொன்றைப்பூ மாலையும் போடுவோம்!" என்றான் கொம்பன்.

மந்திகளுக்குப் புகழ்ச்சி என்றால் உச்சி குளிர்ந்துவிடும். பட்டம் என்றதும் கைதட்டின. தங்கள் தொண்டையில் கைவைக்கிறான் என்று ஒன்றுக்கும் உறைக்கவில்லை. பூவாயிதான் முதலில் கை தூக்கியது.

"நான் இருக்கேன் தலைவரே! ஏழு நாள் என்ன, பத்து நாளும் இருப்பேன்!"

சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. இலைகளும் காய்ந்து சருகாகிவிட்டதால் அவற்றிலும் ஈரம் இல்லை. பூவாயி காலையில் அவசரமாக இரண்டு வாய் குடித்துவிட்டு ஏறும். இருட்டிய பிறகு சிறுத்தைக்குப் பயந்து குட்டைப் பக்கம் போக முடியாது. பிறகு பகல் முழுவதும் குட்டையைப் பார்த்தபடியே இருக்கும். கண்ணுக்கு எதிரே தண்ணீர். நாக்கில் ஒரு சொட்டு இல்லை.

குட்டைக் கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டு அடைகாத்தது. அதற்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். நியாயமில்லாத எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது.

ஐந்தாம் நாள் காலை, மருதமரத்தின் அடியில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்த ஆட்காட்டியின் தலையில் சில துளிகள் விழுந்தன. குருவி துள்ளிக் குதித்தது.

"ஏய்! யாரது என் தலையில?"

"மன்னிச்சுக்கோ. நான்தான். இறங்கி ஒதுங்கக் கூடாதுன்னு விதி. அதான் இங்கிருந்தே..." என்றது பூவாயி கூச்சத்தோடு.

"அதை விடு! ஏண்டி இது இந்த நிறத்துல இருக்கு? மஞ்சளைக் கெட்டியாக் கரைச்ச மாதிரி! நீ கடைசியா எப்ப வயிறு நிறையத் தண்ணி குடிச்ச?"

பூவாயி யோசித்தது. அதற்கு நினைவே வரவில்லை.

"எனக்குத் தாகமே இல்ல. பழகிப்போச்சு."

"பழகலடி, மரத்துப்போச்சு! உதடு வெடிச்சிருக்கு. கண்ணு குழி விழுந்திருக்கு. தலை வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எந்திரிச்சா கிறுகிறுங்குதா?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சமா! உச்சிக் கிளையில உக்காந்துக்கிட்டுக் கிறுகிறுங்குதுங்கிறா, அதுவும் கொஞ்சமாம்! இறங்கி வாடி! வந்து குடி!"

"இன்னும் ரெண்டே நாள். அப்புறம் நான் காவல் திலகம்."

ஆட்காட்டி தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். கையில்லாததால் சிறகை அடித்துக்கொண்டது.

மறுநாள் குட்டி விடாமல் அழுதது. மார்பைச் சப்பும். விட்டுவிட்டு அழும். மறுபடி சப்பும். பால் வரவில்லை. தாயின் உடம்பில் தண்ணீரே இல்லாதபோது பால் எங்கிருந்து ஊறும்? பூவாயிக்கு அப்போதுதான் பயம் வந்தது. பட்டமும் மாலையும் மனதிலிருந்து உதிர்ந்துபோயின. அது மேலிருந்து கூப்பிட்டது.

"தலைவரே! பிள்ளைக்குப் பால் இல்ல. ஒரே ஒரு தடவை இறங்கிக் குடிச்சுட்டு வந்துடறேன்!"

கொம்பன் அப்போதுதான் குட்டையில் முழங்கால் வரை இறங்கி, வயிறு முட்டக் குடித்துவிட்டு, கொம்பிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான். அந்த நிலையில் நின்றுகொண்டு அவன் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"இன்று உனக்குக் குட்டி. நாளை இன்னொருத்திக்கு வயிற்றுவலி. ஒருத்திக்கு விலக்குத் தந்தால் ஒழுங்கு என்னாவது? பொறுத்துக்கொள்!"

"ஓய் கொம்பா!" என்று கத்திக்கொண்டே பறந்து வந்தது ஆட்காட்டி. "உன் வாயில இன்னும் தண்ணி ஒழுகுது! அதைத் துடைச்சுட்டாவது பேசு! நீ இன்னைக்கு எத்தனை தடவை குடிச்ச? நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்! நாலு தடவை!"

"நான் தலைவன். எனக்கு ஆயிரம் வேலை."

"அவளுக்கு உங்க எல்லாரோட உயிரைக் காக்குற வேலை! அதுக்குத் தண்ணி வேண்டாமா?"

"தரையில் முட்டையிடும் குருவிக்கு உச்சியின் கடமை தெரியாது," என்று சொல்லிவிட்டுக் கொம்பன் திரும்பி நடந்தான். கூட்டத்தில் ஒரு மான்கூட வாய் திறக்கவில்லை. சில மான்கள் பூவாயியை நிமிர்ந்து பார்த்தன. பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாய் வைத்தன. அதுதான் எனக்கு ஆறவில்லை!

பூவாயி விதியை மீறி இறங்கியிருக்கலாம். ஆனால் தான் இறங்கினால் கீழே யாரும் காவல் நிற்கமாட்டார்கள் என்று அதற்குத் தெரியும். கைக்குழந்தையோடு எப்படித் தரையில் கால் வைப்பது? அது கிளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

நடுப்பகலில் சிறுத்தை வந்தது.

காய்ந்த புல்லுக்குள் பதுங்கிப் பதுங்கி வந்தது. காற்று எதிர்ப்பக்கமாக வீசியதால் மான்களுக்கு வாடை தெரியவில்லை. பூவாயிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. புல் அசைகிறதா, தன் தலைதான் சுற்றுகிறதா என்று அதனால் சொல்ல முடியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தது. வால் தெரிந்தது!

பூவாயி வாயைத் திறந்து கத்தியது. குரல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொண்டையிலிருந்து காற்று மட்டும் கரகரவென்று வந்தது. இன்னொரு முறை முயன்றது. அப்போதும் வரவில்லை.

கிளையைப் பிடித்து உலுக்கியது. காற்றில்தான் கிளை ஆடுகிறது என்று மான்கள் நினைத்தன. அதற்குள் சிறுத்தையை மிக அருகில் கண்ட ஆட்காட்டி வானம் அதிரக் கத்தியது. மான்கள் தலைகால் புரியாமல் சிதறி ஓடின. ஆனால் எச்சரிக்கை வரத் தாமதமாகிவிட்டது. குட்டையின் ஓரத்தில் நின்ற ஓர் இளம் மான்குட்டியைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போயிற்று.

பூவாயி கையின் பிடி நழுவிக் கிளை கிளையாகச் சரிந்து குட்டைச் சேற்றில் விழுந்தது. குட்டி மட்டும் மார்பை விடவில்லை. மற்ற மந்திகள் ஓடிவந்து இருவரையும் தூக்கின. ஆட்காட்டி அலகில் தண்ணீரை மொண்டு மொண்டு பூவாயியின் வாயில் விட்டது. வெகுநேரம் கழித்துப் பூவாயி கண் விழித்தது.

அன்று மாலை கொம்பன் பாறை மேல் ஏறினான். எல்லோரும் கூடினார்கள். அவன் என்ன சொல்வான் என்று நினைக்கிறீர்கள்? தன் தவற்றை ஒப்புக்கொள்வான் என்றா? அதுதான் இல்லை!

"காவல்காரி உறங்கிவிட்டாள்! குட்டியின் சாவுக்கு அவளே பொறுப்பு! அவளைக் காட்டை விட்டுத் துரத்துகிறேன்!"

பூவாயி பேச முயன்றது. குரல் இன்னும் தேறவில்லை. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண்மான் முன்னால் வந்தது. செத்துப்போன குட்டியின் தாய் அதுதான். எல்லோரும் வழி விட்டார்கள். பூவாயியை முட்டித் தள்ளப் போகிறது என்றே நினைத்தார்கள். பெண்மான் பூவாயியைத் தாண்டிப் போய்க் கொம்பனின் எதிரே நின்றது.

"அவ உறங்கல. கிளையை உலுக்கினா, நான் பார்த்தேன். காத்துன்னு நெனச்சு மறுபடி குனிஞ்சு மேஞ்சேன். அந்தப் பாவம் என்னோடது. ஆனா அவ தொண்டையைக் காயப் போட்டது யாரு? காலையில அவ தண்ணி கேட்டா. நீங்க தரமாட்டேன்னீங்க. நாங்க எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்தோம். அவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்திருந்தா என் பிள்ளை இப்ப என் மடியில கிடக்கும்!"

பெண்மான் திரும்பிப் போய்ப் பூவாயியின் பக்கத்தில் நின்றது.

"விதி விதிதான்!" என்றான் கொம்பன். பெண்மானைப் பார்க்காமல் மந்திகள் பக்கம் திரும்பினான். "நாளை வேறு மந்தி மரம் ஏறட்டும்!"

எந்த மந்தியும் கை தூக்கவில்லை. ஒன்றுகூட மரத்தின் பக்கம் போகவில்லை. பூவாயியைத் தாங்கிக்கொண்டு மந்திகள் மலை மேல் ஏறிப் போய்விட்டன. அங்கே செங்குத்தான பாறை இடுக்கில் ஒரு சுனை இருந்தது. மந்தியின் கை எட்டும். மானின் குளம்பு நிற்காது.

இப்போது மான்கள் பாடு திண்டாட்டம் ஆயிற்று. உச்சியில் கண் இல்லை. சிறுத்தையோ இரை ருசி கண்டுவிட்டது. குட்டைக்கு ஐம்பது அடி தூரத்தில் கூட்டம் கூட்டமாக நின்று தண்ணீரைப் பார்த்தன. கிட்டப் போகத் துணிவில்லை. ஆட்காட்டியைக் காவலுக்குக் கூப்பிட்டுப் பார்த்தன.

"நான் தரையில கிடக்கிறவ. புல்லுக்கு அந்தப் பக்கம் எனக்கு எப்படித் தெரியும்? உச்சியோட அருமை இப்பத்தான் தெரியுதா?" என்றது அது.

ஒரு பகல் போயிற்று. இரண்டாவது பகலில் கொம்பனுக்கே நாக்கு வெளியே தள்ளியது. நடந்தால் கால் தசை இழுத்துப் பிடித்தது. தலை விண் விண் என்று தெறித்தது. மூன்றாம் நாள் காலை அவன் தட்டுத் தடுமாறி மலையடிவாரத்துக்கு வந்து நின்றான். மேலே பாறையில் பூவாயி உட்கார்ந்திருந்தது. கண்ணில் தெளிவு வந்திருந்தது. குட்டி மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"பூவாயி," என்றான் கொம்பன். பழைய அறிவிப்புக் குரல் போய்விட்டது. "தப்புப் பண்ணிட்டேன். தாகம்னா என்னன்னு தெரியாமப் பேசிட்டேன். வந்து மரம் ஏறு. இல்லேன்னா நாங்க பொழைக்க மாட்டோம்."

"வர்றேன்," என்றது பூவாயி. "ஆனா முதல்ல குடிச்சுட்டுத்தான் ஏறுவோம். காவலுக்கு நடுவுல தாகம் எடுக்கும் முன்னாடியே ரெண்டு மூணு தடவை இறங்கிக் குடிப்போம். ஒதுங்கவும் போவோம். அப்ப நீங்க எல்லாரும் மேயாம காவல் நிக்கணும். சம்மதமா?"

"சம்மதம்! சம்மதம்! முதல் காவல் நானே நிக்கிறேன்!"

கொம்பன் தள்ளாடிக்கொண்டே குட்டைக் கரைக்கு ஓடினான். நாக்கு தொங்க, கால் நடுங்க, கொம்பை நிமிர்த்திக்கொண்டு விறைப்பாக நின்றான். தண்ணீர் அவன் குளம்பை நனைத்தது. அப்போதும் அவன் குனியவில்லை. பூவாயி மரம் மரமாகத் தாவி மருதமரத்துக்கு வந்து சேர்ந்தது.

"இறங்கு பூவாயி! நான் பார்த்துக்கறேன்!"

பூவாயி கீழ்க்கிளை வரை வந்தது. அவனை மேலும் கீழும் பார்த்தது. தரையில் கால் வைக்கவில்லை.

"ஏன் நின்னுட்ட?" என்று கேட்டான் கொம்பன்.

"தாகத்தோட நிக்கிறவனை நம்பி என் பிள்ளையைத் தரையில இறக்க மாட்டேன்!" என்றது பூவாயி. "முதல்ல நீ குடி! அதுவரைக்கும் நான் பார்த்துக்கறேன்."

கொம்பன் மெல்லத் தலையைக் குனிந்து குடித்தான்.

தாகத்தை அடக்குவது பெருமையும் ஆகாது, பிறரை அடக்கச் சொல்வது ஒழுங்கும் ஆகாது. வேளைக்குத் தண்ணீர் குடித்த உடம்புதான் தன்னையும் காக்கும், தன்னை நம்பியவரையும் காக்கும்.