படி இறங்காத அதிரசம்

அன்று ஆனைப்பாறை அரண்மனைச் சபையில் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். சிங்காதனத்தில் ராஜா குமாரவிசயர், வயது நாற்பத்தேழு. பக்கத்தில் ராணி செண்பகவல்லி. எதிரே வைத்தியர் அகிலேசர், சேனாதிபதி வேட்டரையர், மடைப்பள்ளித் தலைவர் பொன்னாண்டி. விசிறி வீச இரண்டு பேர். வாசலில் ஒரு காவலன். ஒன்பதாவது ஆள் கூத்தபிரான். ராஜாவுக்குப் பேச்சுத்துணை அவர்தான். அன்று தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். தூண் ஒல்லி, அவர் சற்றுப் பருமன்.

"மூச்சு வாங்குகிறது வைத்தியரே," என்றார் ராஜா. எழுந்து மறுபடி உட்கார்ந்ததற்கே அந்த மூச்சு. "பட்டத்துக் குதிரை என்னைத் தூரத்தில் கண்டதும் உட்கார்ந்துவிடுகிறது."

"நெய்ப் பண்டங்களைக் குறைத்து, தினமும் கொஞ்சம் நடந்தால்..."

"ஏழு வருஷமாக இதையேதான் சொல்கிறீர்! வேறு ஏதாவது தெரிந்தால் சொல்லும்!"

கூத்தபிரானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினார். தொப்பை குலுங்கியது. அது சேனாதிபதியின் கண்ணில் பட்டது. அவருக்குக் கூத்தபிரானைக் கண்டாலே ஆகாது.

"அரசே, கூத்தபிரான் சிரிக்கிறார். வேறு வழி அவருக்குத் தெரியும் போலிருக்கிறது."

"அப்படியா? முன்னால் வாரும்," என்றார் ராஜா. "என் எடையை நீர்தான் குறைக்க வேண்டும். ஆனால் மடைப்பள்ளியில் ஒரு பண்டமும் குறையக் கூடாது. 'சாப்பிடாதே' என்று யாரும் சொல்லக் கூடாது. 'நட' என்றும் சொல்லக் கூடாது. தொண்ணூற்றாறு நாளில் என் பிறந்தநாள் துலாபாரம். போன வருஷம் என் எடைக்கு இருநூற்றுப் பதினான்கு வெல்லக்கட்டி வைத்தார்கள். இந்த வருஷம் இருநூறுக்குள் வர வேண்டும்."

"வராவிட்டால்?" என்று ஆசையாகக் கேட்டார் சேனாதிபதி.

"குடும்பத்தோடு எல்லை தாண்டட்டும்."

கூத்தபிரான் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அவர் மனைவி அலமேலு கொஞ்சம்கூடப் பதறவில்லை. "வடக்கா, தெற்கா? சொன்னால் பாத்திரத்தைக் கட்ட ஆரம்பிப்பேன்," என்றாள். அதைக் கேட்டபின் அவருக்குத் தூக்கம் எங்கே வரும்?

விடிந்ததும் ராணியிடம் போனார். "அம்மா, அரசர் உடம்பு தேற, அரண்மனைக்குப் பின்னால் மலைமேல் உள்ள காவல்சாமிக்கு ஒரு வேண்டுதல். இனிப்பு, நெய்ப் பண்டம் எதுவானாலும் தொண்ணூற்றாறு நாளைக்குச் சாமிக்குப் படைத்த பிறகுதான் அரசருக்கு."

ராணி அந்தக் கோயில் வழக்கம் அறிந்தவள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "சரி, நேர்ந்துகொள்கிறேன்," என்றாள்.

ராஜாவுக்கும் சந்தோஷம்தான். "நல்ல காரியம்! படைத்ததும் அதிரசத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

அதிரசம் வரவில்லை. பூசாரிதான் வந்தார்.

"மகாராஜா மன்னிக்க வேண்டும். காவல்சாமிக்குப் படைத்தது படி இறங்கக் கூடாது. அந்த நேரத்தில் மேலே இருப்பவர்கள் சமமாகப் பங்கிட்டு அங்கேயே சாப்பிட வேண்டும். உங்கள் பாட்டனார் காலத்திலும் அப்படித்தான்."

"பல்லக்கைக் கொண்டு வா!"

"படியில் பல்லக்கும் ஏறக் கூடாது, மகாராஜா. வெறுங்கால்தான்."

ராஜா கூத்தபிரானை முறைத்தார். கூத்தபிரான் கைகட்டி நின்றார். "நட" என்று அவர் சொல்லவில்லை. "சாப்பிடாதே" என்றும் சொல்லவில்லை. மேலேயிருந்து நெய் மணம் மட்டும் இறங்கி வந்தது. அதற்குத் தடை ஏதும் இல்லை.

ராஜா எழுந்தார்.

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். முதல் நாள் ராஜா பதினான்கு இடத்தில் உட்கார்ந்தார். கூத்தபிரான் பதினைந்து இடத்தில். மேலே போனால் ஆடு மேய்ப்பவர்கள் இருபது பேர் காத்திருந்தார்கள். பூசாரி எல்லோரையும் எண்ணிப் பங்கிட்டார். ராஜாவின் பங்கு இரண்டு அதிரசம்.

"இரண்டா!" என்றார் ராஜா.

"எங்களுக்கும் இரண்டுதான் சாமி," என்றார் ஒரு கிழவர். "நீங்க வராட்டி ஆளுக்கு மூணு கிடைச்சிருக்கும்."

பசியோடு இறங்கினார் ராஜா. பொன்னாண்டியிடம் அப்போது படையலுக்குப் போகாத பண்டங்கள்தான் இருந்தன. கம்பங்கூழ், கீரை, கொள்ளுத் துவையல், மோர். ராஜா அத்தனையையும் சாப்பிட்டார். பிறகு, "இந்தத் துவையலை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்?" என்று கேட்டார்.

பத்தாம் நாள் ஒன்பது இடத்தில் உட்கார்ந்தார். முப்பதாம் நாள் நான்கு. அறுபதாம் நாள் எங்கும் உட்காரவில்லை, மேலே போய் நின்றுகொண்டு, "என்ன கூத்தபிரானே, பாதியில் குடியேறிவிட்டீரா?" என்று கத்தினார்.

துலாபார நாள் வந்தது. ஒரு தட்டில் ராஜா. மறு தட்டில் வெல்லம். நூற்றெண்பது. நூற்றெண்பத்தைந்து. நூற்றுத்தொண்ணூற்றொன்றில் தட்டு சமமாக நின்றது. போன வருஷக் கணக்குப்படி கொண்டுவந்ததில் இருபத்துமூன்று கட்டிகள் தரையில் மிச்சம்.

கூட்டம் ஆரவாரித்தது. சேனாதிபதி மட்டும் கையைத் தூக்கினார்.

"மக்களே, இதைக் கவனியுங்கள்! துலாபார வெல்லம் உங்களுக்குச் சேர வேண்டியது. கூத்தபிரான் அரசரை இளைக்க வைத்து, உங்கள் வெல்லத்தில் இருபத்துமூன்று கட்டியைப் பறித்துவிட்டார்!"

கூட்டம் முணுமுணுத்தது. ராஜா முகமும் மாறியது. "கூத்தபிரானே, இதற்கு என்ன சொல்கிறீர்?"

"சேனாதிபதி கழித்தல் கணக்கைச் சரியாகப் போட்டார் அரசே. கூட்டல் கணக்கை விட்டுவிட்டார். போன வருஷம் இருந்த மூச்சுக்கு, அரசர் இந்தத் தட்டில் இன்னும் எத்தனை முறை உட்கார்ந்திருப்பார்? வைத்தியர் சொல்லட்டும்."

வைத்தியர் தயங்கினார். "இரண்டு... மூன்று முறை."

"இப்போது?"

"இருபதுக்குக் குறையாது!"

கூத்தபிரான் கூட்டத்தைப் பார்த்தார். "மூன்று தடவை இருநூற்றுப் பதினான்கு வேண்டுமா, இருபது தடவை நூற்றுத்தொண்ணூற்றொன்று வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்!"

"இருபது! இருபது!" என்று மலையே அதிரும்படி கத்தினார்கள்.

ராஜா தராசே ஆடும்படி சிரித்தார். தட்டிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் குதித்து இறங்கினார். இடுப்பில் நழுவிக்கொண்டிருந்த தங்கக் கச்சையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குக் கட்டினார். அது அவருக்கும் தொளதொளத்தது.

"மிச்ச வெல்லத்தையும் மக்களுக்கே கொடுத்துவிடுங்கள்," என்றார் ராஜா. சொல்லிவிட்டுக் குனிந்து ஒரு கட்டியை எடுத்தார். ராணி பார்த்தாள். வைத்தியரும் பார்த்தார். ராஜா அதைக் கையால் இரண்டாக உடைத்து, ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியைத் திரும்ப வைத்தார்.

மீதி இருபத்திரண்டரை.