பிரதானி வாசலில் கொட்டிய கருத்து

செம்பியநத்தத்தை ஆண்ட வீரகேசரி மன்னர் கெட்டவர் இல்லை. என்ன, வாயில் எந்நேரமும் வெற்றிலை இருக்கும். வாய் நிறைய வெற்றிலைச் சாறோடு உட்கார்ந்திருக்கும்போது யார் என்ன கேட்டாலும் அவரால் "ம்" என்று மட்டும்தான் சொல்ல முடியும். பிரதானி கனகசபை அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டே ராஜ்யத்தை ஓட்டிவந்தார். மன்னர் வெற்றிலை போட்டதும் பிரதானி உள்ளே நுழைவார், கேட்பார், "ம்" வாங்குவார், போய்விடுவார்.

அந்த வெற்றிலையை மடித்துக் கொடுப்பவர் மாசிலாமணி. கீழைத்தெருக்காரர். சபையில் அவருக்கு மடிக்கத்தான் அனுமதி, பேச அனுமதி இல்லை. ஆனாலும் அவ்வப்போது வாய் துறுதுறுக்கும்.

அந்த வருஷம் வடக்கு வாசல் குப்பைக்குழி நிரம்பி வழிந்தது. வீட்டுக்கு வீடு சேரும் எச்சில் இலை, சாம்பல், உடைந்த சட்டி எல்லாவற்றையும் இனிமேல் எங்கே போடுவது? ஊராரைக் கேட்டு முடிவு செய்யும்படி மன்னர், வாய் காலியாக இருந்த ஏதோ ஒரு நல்ல நேரத்தில், சொல்லியிருந்தார். பிரதானியும் கேட்டார். தன் வீட்டுக் கூடத்தில், தன் மச்சானையும் சம்பந்தியையும் சகலையையும் உட்காரவைத்து, பணியாரம் கொடுத்துக் கேட்டார். பணியாரம் தீர்ந்தபோது ஊராரின் கருத்து தயாராகியிருந்தது. கீழைத்தெரு ஊருணியில் கொட்டிவிடலாமாம்.

கீழைத்தெருவுக்குக் குடிதண்ணீரே அந்த ஊருணிதான். மாசிலாமணி வீட்டுக் குடமும் அங்கேதான் நிரம்ப வேண்டும். சேதி அவர் காதிலும் விழுந்தது. வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் தண்ணீர் போகும்.

மறுநாள் பிரதானி வந்து, ஊரார் கருத்து இதுதான் என்று ஊருணியைச் சொல்லி, உத்தரவுக்காகக் காத்து நின்றார். மன்னர் வெற்றிலைக்குக் கை நீட்டினார். மாசிலாமணி காம்பைக் கிள்ளினார். நரம்பை உரித்தார். சுண்ணாம்பு தடவினார். சுண்ணாம்பு கூடிவிட்டது என்று அதைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொரு வெற்றிலையை எடுத்து மறுபடி காம்பைக் கிள்ள ஆரம்பித்தார். சும்மா இருந்த மன்னரின் வாய் வேறு வழியில்லாமல் ஒரு கேள்வி கேட்டது.

"ஊரார் எல்லோருமா இப்படிச் சொன்னார்கள்?"

"முக்கியஸ்தர்கள் எல்லோரும் சொன்னார்கள், மகாராஜா."

மாசிலாமணி தலையைத் தூக்காமலே, "எங்கள் தெருவில் தண்டோராச் சத்தமே கேட்கவில்லை. எனக்குத்தான் காது மந்தமோ என்னவோ," என்று வெற்றிலையிடம் சொல்வது போலச் சொன்னார்.

மன்னருக்குச் சுருக்கென்றது. தண்டோராப் போட்டு, ஊர் முழுவதையும் மறுபடி கேட்கச் சொல்லிவிட்டார்.

பிரதானி இதற்கெல்லாம் அசருகிற ஆளா? அறிவிப்பைத் தன் கையாலேயே எழுதினார். யாருக்கும் புரியக் கூடாது, புரிந்தாலும் வரத் தோன்றக் கூடாது என்கிற அழகான நடை. "குடிமக்காள்! நகரத்துக் குப்பை விஷயமாகத் தத்தம்மிடத்தில் உள்ளது அனைத்தையும் நாளைக் காலையில் பிரதானி அவர்களின் வாசலுக்கு வந்து சங்கோசமின்றிக் கொட்டிவிட்டுப் போகலாம்."

மனசில் உள்ளதைக் கொட்டச் சொன்னார் பிரதானி. மனசு என்கிற வார்த்தையை மட்டும் போட மறந்துவிட்டார்.

தண்டோராப் போட்டவன் போனதும் கீழைத்தெருச் சனங்கள் மாசிலாமணியைச் சூழ்ந்துகொண்டு இதற்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். அரசாங்க உத்தரவுக்குப் பொருள் சொல்ல நமக்கு ஏது யோக்கியதை, சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் மரியாதை என்று அவர் சொல்லிவிட்டார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இல்லை. சேதி மற்றத் தெருக்களுக்கும் பரவியது.

காலையில் பிரதானி கதவைத் திறந்தால், வாசற்படியைக் காணோம். கூடை கூடையாகக் கொட்டியிருந்தார்கள், இன்னும் கொட்டிக்கொண்டும் இருந்தார்கள். ஒருவருக்கும் சங்கோசம் இல்லை. பிரதானி கொல்லைப்புறமாக வெளியேறி அரண்மனைக்கு ஓடினார்.

மன்னர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார். பின்னாலேயே வெற்றிலைப் பெட்டியோடு மாசிலாமணி.

"நான் கருத்துக் கேட்டேன் மகாராஜா. குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள்," என்றார் பிரதானி.

"கருத்தும் சொல்லியிருக்கிறார்களே," என்றார் மாசிலாமணி. "எங்கே கொட்டலாம் என்று கேட்டீர்கள். இங்கே என்று காட்டிவிட்டார்கள்."

மன்னருக்கு மீசை துடித்தது. அடக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, ஊருணியில் கொட்டினால் என்ன குறை என்று விசாரித்தார். காலிக் கூடையோடு நின்ற கீழைத்தெருப் பேச்சி முன்னால் வந்தாள்.

"ஊருணியில கொட்டலாம்னு சொன்னவங்க வீட்டுக் குடம் ஒண்ணாவது அங்க வந்திருக்கா? அத மட்டும் கேளுங்க சாமி."

மன்னர் கேட்டார். பிரதானிக்குப் பின்னால் நின்ற மச்சான் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி சகலையைப் பார்த்தார். சகலை வானத்தைப் பார்த்தார்.

பிரதானிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "மகாராஜா, இந்த அரண்மனையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். எனக்கா இந்தக் கதி?"

மாசிலாமணி பணிவாகக் குனிந்தார். "இது ஊராருக்குத் தெரியாமல் போய்விட்டதே. அரண்மனையில்தான் கொட்டுகிறீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தால், வடக்கு வாசலில் குழியே வெட்டியிருக்க மாட்டோம்."

மன்னர் வெடித்துச் சிரித்தார். அது தன்னுடைய அரண்மனை என்பது பாதிச் சிரிப்பில்தான் உறைத்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பிறகு உத்தரவுகள் வந்தன. ஊருணியில் யாரும் ஒரு சருகுகூடப் போடக் கூடாது. பிரதானியின் தென்னந்தோப்புக்குப் பின்னால் கிடக்கும் தரிசில் குழி வெட்டி, மக்குவதை மக்கவைத்து, எருவாக வயலுக்குக் கொடுக்க வேண்டும். இனிமேல் ஊராரைக் கேட்பதென்றால் ஊருணிக் கரையில் வைத்துத்தான் கேட்க வேண்டும். மாசிலாமணிக்கு ஒரு வெள்ளி வெற்றிலைப் பெட்டி.

இவ்வளவு பேசியதில் மன்னருக்கு வாய் வறண்டுவிட்டது. கை நீட்டினார். பிரதானியோ இன்னும் போகாமல், எதையோ கேட்கக் காத்திருப்பவர் போல மன்னரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மாசிலாமணி பெட்டியைத் திறக்கவில்லை.

"என்ன மாசிலாமணி, வெற்றிலை எங்கே?"

"தருகிறேன் மகாராஜா. பிரதானி முதலில் வீட்டுக்குப் போகட்டும்."