துரத்தினால் திறக்கும் போர்ட்

பாளையங்கோட்டையில் ஞானசிகாமணி என்றொரு ஓய்வுபெற்ற அதிகாரி இருந்தார். வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்தும் போனில் பார்க்க, வீட்டுக்குள் இணையத்தைக் கொண்டுவரும், லினக்ஸ் ஓடும் கேட்வே பெட்டியில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் இணையக் கதவை, திறந்துவிடச் சொன்னார். கம்ப்யூட்டர் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஜெபராணி வந்து திறந்துவிட்டாள்.

நாற்காலியை விட்டு அசையாமல், வீட்டு வைஃபையிலேயே அவர் போனைத் தட்டிப் பார்த்தார். படம் வரவில்லை.

"என்னத்தம்மா திறந்த? இனி பெட்டியைத் தொடக் கூடாது. நானும் எழுந்திரிக்க மாட்டேன். இப்பவே படம் வரணும். இல்லன்னா உன் வேலை போயிரும், பாத்துக்க!"

ஜெபராணி பையைத் தோளில் மாட்டினாள். "அப்ப ஒரே வழிதான் சார். நீங்க என்னைத் தெருமுனை வரைக்கும் துரத்தணும்."

"திமிரப் பாரேன்!" என்று போனும் கையுமாக எழுந்து துரத்தினார்.

தெருமுனையில் வைஃபை அறுந்து, போன் சிம் நெட்டுக்கு மாறியது. உடனே திரையில் வீட்டுக் கூடம் தெரிந்தது. அவருடைய நாற்காலியில் அவர் மனைவி காலை நீட்டி முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"போர்ட் அப்பவே திறந்தாச்சு சார். நீங்கதான் வீட்டுக்குள்ள உட்கார்ந்து வெளிக்கதவைத் தட்டிக்கிட்டிருந்தீங்க" என்றாள் ஜெபராணி, மூச்சு வாங்கியபடி.

அவர் அசடு வழிந்தார். "முதலாளிகிட்ட நல்லபடியாவே சொல்லுதேன்மா."

போன் அடித்தது. மனைவிதான். "ஏங்க, படம் வருதா?"

"வருது, வருது."

"அப்படியே இன்னும் கொஞ்ச தூரம் துரத்திட்டு வாங்க."