ஒரு சட்டி சரளை

"தாயி, ஓடுற தூரத்துக்குக் காசு கேக்கப் போறாங்களாம். இது அடுக்குமா?"

செருப்பைக் கழற்றுவதற்குள் சொக்கநாதன் கேட்டுவிட்டான்.

குருவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"யாரு கேக்குறாங்க?"

"சர்க்கார்தான். பேட்டரி வண்டிக்கு மட்டும். வண்டிக்குள்ள ஒரு பெட்டியைப் பூட்டிருவாங்களாம். இத்தனை கிலோமீட்டர் ஓடுனா இத்தனை ரூபான்னு அது சொல்லுமாம். திங்கக்கிழமை தாலுகா ஆபீஸ்ல கருத்துக் கேக்குறாங்க. பேட்டரி ஆட்டோக்காரங்க எல்லாரும் சேந்து என்னையப் பேசச் சொல்லியிருக்காங்க."

"முதல்ல உக்காருங்கண்ணே. தண்ணி குடிங்க."

மலை ரோட்டில் பதினைந்தாவது வளைவில் இருக்கிறது அந்த மடம். மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடு போட்ட ஒரு கட்டிடம், ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு பாத்திக் கீரை. அதைப் பார்த்துக்கொள்கிற குருவம்மாவுக்கு வயது நாற்பது. இங்கே வருவதற்கு முந்தி ரோடு ரோலர் ஓட்டினவள். சொக்கநாதனுக்கு ஐம்பத்தெட்டு. என்றாலும் எந்தக் காரியமானாலும் இவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்வான்.

தண்ணீரைக் குடித்தான். கோபம் இறங்கவில்லை.

"பெட்ரோல் வண்டிக்காரன் என்னைப் பாத்துக் கேக்குறான் தாயி. நாங்க லிட்டருக்கு லிட்டர் ரோட்டுக்கு வரி கட்டுறோம், நீ ஓசியில ஓடுறியேன்னு. ஓசியா? இந்த வண்டியை யாருக்காக வாங்குனேன்?"

"அக்காவுக்காக."

"என் பொண்டாட்டி பவளத்துக்காக. வாரத்துல மூணு நாள் ஊசியைக் குத்தி ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வரணும். கீழ இறங்க முப்பத்தோரு கிலோமீட்டர், மேல ஏற முப்பத்தோரு கிலோமீட்டர். பழைய டீசல் ஆட்டோ அவளைப் போட்டு உலுக்கி எடுத்துருச்சு. இது அதிராதுன்னு சொன்னாங்க, வாங்குனேன். இப்பத் தூரத்துக்குக் காசுன்னா யாரு தாயி முதல்ல மாட்டுவான்? அடிவாரத்துல இருக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். நான் மலை உச்சியில கிடக்கேன். ஊர் சுத்திப் பாக்கவா போறேன்?"

"நியாயமான கேள்வி."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"தூரத்துக்குக் காசு கட்ட மாட்டோம்" என்று மேலே ஒரு வரி. அடியில் ஆட்டோக்காரர்களின் கையெழுத்து. குருவம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"நடுவுல இம்புட்டு இடம் சும்மா கிடக்கே."

"ஒரு வரி போதும்னுட்டாங்க. நீளமா எழுதுனா அதிகாரி படிக்க மாட்டாராம்."

தாளைத் திருப்பிக் கொடுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆட்டோ சாவியைக் குடுங்க."

"எதுக்குத் தாயி?"

"கீழ எனக்கு ஒரு சோலி இருக்கு. நானே ஓட்டுறேன். நீங்க பின்னாடி உக்காருங்க."

"இது ரோலர் இல்ல தாயி. லேசாத் திருகுனாப் பறக்கும்."

"பறக்கட்டும். பறந்து பாத்ததில்ல."

சொக்கநாதன் சிரிக்கவில்லை. தன் வண்டியை இன்னொருத்தர் கையில் கொடுத்தே பழக்கமில்லை அவனுக்கு. கொடுத்தான். பின்னால் ஏறி வலது ஓரமாக உட்கார்ந்தான்.

"அந்த ஓரம் வேணாம்ணே. அக்கா எந்த ஓரத்துல உக்காருவாங்க?"

இடது பக்கம் நகர்ந்தான்.

வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது.

பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியைத் தேடின அவன் கைக்குத் துணி தட்டுப்பட்டது. பவளத்தின் பழைய கத்தரிப்பூ நிறச் சேலை. அதைக் கிழித்துக் கம்பியில் சுற்றி, முனையை முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். நாலு விரல் அகலத்துக்கு ஓரிடத்தில் மட்டும் துணி தேய்ந்து இரும்பு தெரிந்தது.

எப்போது சுற்றினாள்?

முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு அந்தக் கம்பி கண்ணில் படாது.

பதிமூன்றாவது வளைவு போனது. பன்னிரண்டும் போனது.

பதினொன்றில் வண்டி இறங்கி ஏறியது. சொக்கநாதனின் முதுகெலும்பு நடு மண்டையில் வந்து இடித்த மாதிரி இருந்தது.

"அம்மாடி! மெதுவாப் போங்க தாயி!"

"மெதுவாத்தாண்ணே போனேன்."

"பள்ளத்தைப் பாக்கலையா?"

"பாத்தேன். ஒதுங்க இடமில்ல. அந்தப் பக்கம் கிடுகிடு பாதாளம். நீங்க எப்பிடிப் போவீங்க?"

சொக்கநாதன் திரும்பி அந்தப் பள்ளத்தைப் பார்த்தான்.

"நானும் அதுலதான் இறக்கி ஏத்துவேன்."

இன்னும் இரண்டு வளைவு போனது.

"ஒரு வார்த்தை சொன்னதில்ல தாயி அவ."

குருவம்மா ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அடிவாரத்தில் பெட்ரோல் பங்க்குக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். எண்ணெய் ஊற்றுகிற ராக்கம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அடேயப்பா, சொக்கண்ணனா! இருக்கீகளா? ரெண்டு வருசமாச்சு மொகத்தைப் பாத்து. பேட்டரிக்காரவுகளுக்கு இங்க என்ன வேலை, காத்து வாங்கவா?"

அவன் காதில் அது விழவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது பங்க் ஓரத்தில் கிடந்த சரளைக் குவியலை.

மடத்தில் முன்பு இருந்த சாமி ஏற்படுத்திய வழக்கம் அது. எண்ணெய் போட நிற்கிற வண்டி, ஒரு சட்டி சரளையை ஏற்றிக்கொள்ள வேண்டும். மலை ஏறுகிற வழியில் எந்தப் பள்ளம் கண்ணில் படுகிறதோ அதில் கொட்டிவிட்டுப் போக வேண்டும். எழுதி வைத்த சட்டம் கிடையாது. அதிகம் ஓடினவன் அதிகம் எண்ணெய் போட்டான், அதிகம் சட்டி சுமந்தான். யாரும் உட்கார்ந்து அளந்ததில்லை. ரோடு கிடந்தது, வண்டிகள் போயின.

சொக்கநாதனும் இருபத்திரண்டு வருடம் சுமந்தவன்தான். பிறகு பேட்டரி வண்டி வந்தது. மாட்டுக் கொட்டகையில் ஒயரை இழுத்துச் சொருகினால் விடிவதற்குள் வண்டி தயார். பங்க்கில் நிற்கிற தேவை இல்லாமல் போயிற்று.

குவியலின் ஒரு பக்கத்தில் புதிதாக அள்ளிய தடம் இருந்தது. மறு பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல்.

"வேணும்னு விடல தாயி."

"தெரியும்ணே."

"இங்க நிக்கல. அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தான்."

"என்னைய மாதிரி மலையில நாப்பது வண்டி ஓடுதே."

"நாப்பத்தொண்ணு. நேத்துக்கூட ஒண்ணு புதுசா வந்திருக்கு, மாலையோட போச்சு."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"எனக்கே முந்தாநாள்தாண்ணே உறைச்சுது. ரோட்டுல பள்ளம் கூடிட்டே போகுதே, சரளை தீந்துபோச்சோன்னு ராக்கம்மாவுக்குப் போன் போட்டேன். தீரவா, புல்லு மொளைச்சுக் கிடக்கு, ஆடு மேய்க்கலாம்னா."

ராக்கம்மா தூரத்திலிருந்தே, "ரெண்டு ஆடு மேயும்!" என்றாள்.

சொக்கநாதன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"அப்ப திங்கக்கிழமை, கட்டுறோம்னு சொல்லிறவா?"

"நான் அப்பிடிச் சொன்னேனா?"

"கட்ட மாட்டோம்னு சொல்லவா?"

"அதையும் நான் சொல்லல."

"தூரத்துல இருக்கிறவனுக்குப் பாரம் கூடத்தானே தாயி? அது பொய்யா?"

"அது நெசந்தான்."

"அப்ப என்னதான் சொல்றீங்க?"

"அந்தச் சட்டியை இங்கிட்டு எடுங்க. வெயில் ஏறுது."

அவன் சட்டியை எடுத்தான். புல் முளைத்த பக்கமாகப் போய் நின்றான்.

"எத்தனை சட்டி தாயி?"

"என்னையக் கேட்டா?"

அவன் மறுபடி கேட்கவில்லை. அள்ளினான். ஆட்டோவின் கால் வைக்கிற இடம் நிறைந்தது. சீட்டில் சாக்கை விரித்து அதற்கு மேலும் கொட்டினான். குருவம்மா உட்கார இடமில்லாமல், முன் சீட்டில் அவன் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வந்தாள்.

பதினோராவது வளைவில் இரண்டு பேருமாகக் கொட்டி நிரவினார்கள். குருவம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலால் மிதித்தாள். "ரோலர் இருந்தா ஒரே ஓட்டு" என்று அலுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சொக்கநாதன் தனியாக வந்து இன்னும் இரண்டு நடை அடித்தான்.

திங்கட்கிழமை. விடிந்தும் விடியாததுமாகப் பவளத்தை ஏற்றிக்கொண்டு இறங்கினான். அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவன் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும். தாள் சட்டைப் பையில் இருந்தது.

பவளம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். எப்போதும் அப்படித்தான்.

மடம் கடந்தது. குருவம்மா கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

வளைவுகள் ஒவ்வொன்றாகப் போயின.

"ஏங்க."

"ம்."

"பதினொண்ணு இன்னும் வரலையா?"

"தாண்டியாச்சு புள்ள."

"பொய் சொல்லாதீக. கண்ணை மூடியிருந்தாலும் அது எனக்குத் தெரியும். வரட்டும், நான் பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்."

சொக்கநாதன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். இறங்கிப் பின்னால் வந்தான்.

இரண்டு கையாலும் அந்தக் கம்பியைப் பிடித்திருந்தாள். துணி தேய்ந்த இடத்தில், நாலு விரலும் வெளுக்க.

"கண்ணைத் திற."

திறந்தாள். எதிரே பலகையில் ஏழு என்று எழுதியிருந்தது.

கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்தாள்.

அவன் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து, முழங்காலில் வைத்து, நடுவில் சும்மா கிடந்த இடத்தின் சுருக்கத்தை நீவினான்.

"ஆஸ்பத்திரிப் பையில பேனா கிடக்கா, பாரு."