கறுப்புச் சல்லாவும் சிவப்புப் பட்டும்

முன்பொரு சமயம் செம்பாறை நாட்டை வீரகேது என்ற அரசர் ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் மாதுளை முத்துப் போலச் சிவந்த பட்டங்கி ஒன்று அவருக்கு வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்ட கையோடு ஓர் ஆணை போட்டார்:

"அவையில் என் உடையைவிட ஒளி மிகுந்த உடையோடு யார் இருந்தாலும் தலை போகும்!"

அன்று அமைச்சர் இளஞ்சேந்தன் அவையில் இல்லை. மகளின் கல்யாண வேலையில் இருந்தார். மறுநாள் அவர் வந்தபோது தோளில் மஞ்சளில் முக்கிய துண்டு கிடந்தது. பெண்ணைப் பெற்றவர் கல்யாணம் முடியும்வரை அது இல்லாமல் வெளியே வரக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம்.

அணிகலன் காப்பாளர் உக்கிரசேனர் துள்ளி எழுந்தார். அமைச்சர் பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"அரசே, பாருங்கள்! மந்திரியாரின் துண்டு உங்கள் பட்டை அமுக்கிவிட்டது. ஆணை என்ன ஆவது?"

இளஞ்சேந்தனுக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. மணவறையில் உட்காரப் போகும் மகளின் முகம் கண்முன் வந்தது.

சமாளித்துக்கொண்டு கேட்டார்: "அரசரின் பட்டு ஒளி குறைந்தது என்கிறீர்களா, உக்கிரசேனரே? வேறு யார் அப்படி நினைக்கிறீர்கள்? எழுந்து நின்று சொல்லலாமே."

யாரும் எழவில்லை. பாதி எழுந்த ஒருவர்கூட இடுப்பைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அரசருக்கு முகம் கடுத்தது. "பயந்து ஊமையானால் நான் எப்படி உண்மையை அறிவது? நெல்லை மரக்காலால் அளக்கிறோம். பொன்னைத் தராசில் நிறுக்கிறோம். ஒளியை அளக்க வழி உண்டா, இல்லையா?"

உண்டு. அது இளஞ்சேந்தனுக்குத் தெரியும். அளந்தால் தன் கதி என்ன என்பதும் தெரியும். ஆனால் ஏதாவது சொல்லி இன்று தப்பித்தால், நாளை வேறொரு தலை உருளும்.

"உண்டு, அரசே. கருஞ்சாயம் தோய்த்த சல்லாத் துணி ஒன்று வேண்டும்."

மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிய துணி வந்தது. "இதைக் கண்முன் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் ஒளியை விழுங்கும். எந்த உடை சீக்கிரம் இருளில் மறைகிறதோ, அதிலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளி குறைவு."

அரசர் பட்டங்கியைக் கழற்றி, உள்சட்டையோடு நின்றார். உக்கிரசேனர் மஞ்சள் துண்டை வாங்கி வெயில் விழும் சாளரத்தில் விரித்தார். பட்டங்கியைத் தூண் நிழலில் வைத்தார்.

"அது அளவே இல்லை," என்றார் இளஞ்சேந்தன். "துணிக்குச் சொந்த ஒளி ஏது? தன்மேல் விழுவதில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தருகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் வையுங்கள்."

"நான் இன்னும் கிட்ட வரட்டுமா?" என்றார் அரசர்.

"வந்தால் துணி பெரிதாகத் தெரியும், அரசே. ஒளி கூடாது."

இரண்டும் சாளரத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரிந்தன. அரசர் சல்லாவை மடிப்பு மடிப்பாகச் சேர்த்தார். சிவப்புப் பட்டு கறுத்தது. பிறகு காணவே இல்லை. மஞ்சள் துண்டு மட்டும் மங்கலாக மிஞ்சி நின்றது.

அரசர் சல்லாவைக் கண்ணிலிருந்து இறக்கினார். "இளஞ்சேந்தா! இப்படி ஆகும் என்று தெரிந்தேதான் அளக்கச் சொன்னாயா?"

"தெரியும், அரசே. நிறம் அழுத்தமாக இருப்பது வேறு, ஒளி மிகுவது வேறு. என் தலை உங்களுடையது. ஆனால் ஆணை எல்லோருக்கும்தானே? மற்றவர்களையும் அளந்துவிடுங்கள்."

அரசர் இன்னும் மடிப்புச் சேர்த்துச் சல்லாவோடு திரும்பினார். சாளரத்தருகே நின்ற உக்கிரசேனர் அடக்கமாக வெளிர் சந்தன நிறப் பட்டுதான் உடுத்தியிருந்தார். மஞ்சள் மறைந்த பிறகும் அது தெரிந்தது.

"ஐயையோ! இது பகட்டே இல்லாத துணி அரசே!" உக்கிரசேனர் இரு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஒருவர் பாக்கி," என்றார் இளஞ்சேந்தன் மெதுவாக.

"யார்?"

அமைச்சர் மேல்மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. அங்கே, அதே வெயில் விழும் இடத்தில், இராஜமாதா உட்கார்ந்திருந்தார், கரையில்லாத வெள்ளைப் புடவையில். அரசர் கையிலிருந்த மடிப்பெல்லாம் சேர்த்துப் பிடித்தார். அவை முழுவதும் இருண்டுபோனது. அந்த வெள்ளை மட்டும் போகவில்லை.

சல்லா தரையில் விழுந்தது.

இராஜமாதா படியிறங்கி வந்தார். "ஏன் வீரா வாயடைத்து நிற்கிறாய்? உன் அப்பா போன அன்று, இனி எனக்கு ஒளியே கூடாது என்று சொல்லித்தான் இதை எனக்குக் கட்டிவிட்டார்கள். நானாகக் கேட்டு உடுத்தவில்லை. இதற்கும் தலையா?"

அரசர் தாயின் காலில் விழுந்தார். எழுந்ததும் ஆணையை ரத்து செய்தார்.

"உக்கிரசேனரே, இன்றுமுதல் அரண்மனை விளக்குத் திரிகளை இந்தச் சல்லாவால் அளப்பது உம் வேலை. எது ஒளி என்று கண் பழகட்டும். இளஞ்சேந்தா, இந்தப் பட்டங்கி உனக்கு."

"மகிழ்ச்சி, அரசே. இதைப் போட்டுக்கொண்டால் ஒளி மிகுந்தவன் என்று என்மேல் யாரும் வழக்குப் போட முடியாது," என்றார் அமைச்சர். அரசரே சிரித்துவிட்டார்.

மறுநாள் அவை கூடியது. இராஜமாதா உள்ளே வந்தார், பழுத்த மாம்பழ நிறப் புடவையில்.

புரோகிதரின் கையிலிருந்த தாம்பாளம் நழுவிக் கணீரென்று உருண்டது.

"என்ன," என்றார் இராஜமாதா, "யாராவது அளக்க வேண்டுமா?"

அரசர் எழுந்து, தன் ஆசனத்துக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டார்.