சிறு திருத்தம் – தொடர்பாக

மருதந்துறைப் பல்கலைக்கழகத்தின் துணைப் பதிவாளர் ஆரோக்கியநாதனுக்கு ஒரு குரு உண்டு. குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்து நான்கு.

குருவின் பெயர் செண்பகவடிவு. நிர்வாகக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் விசாரணைக் கவுன்ட்டர் ஒன்று இருக்கும். அதில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவர்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஆரோக்கியநாதன் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், அடையாள அட்டை வாங்க எந்த அறைக்குப் போவதென்று தெரியாமல் மூன்று மாடியும் ஏறி இறங்கி, மூச்சு வாங்க அந்தக் கவுன்ட்டர் முன்னால் வந்து நின்றார்.

"முதல்ல தண்ணி குடிங்க சார். ரெண்டாவது மாடி, இடது பக்கம், கதவே இல்லாத ரூம்" என்றார் செண்பகவடிவு.

அன்றைக்கு விளையாட்டாக "குருவே!" என்று கும்பிட்டவர், அந்தப் பழக்கத்தை அப்புறம் விடவே இல்லை. மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே, அவருக்கென்ன!

அந்த ஆரோக்கியநாதனிடம்தான் பதிவாளர் ஒரு பெரிய வேலையை ஒப்படைத்திருந்தார். பல்கலைக்கழகத்தின் விதிகள், நடைமுறைகள் அத்தனையும் இணையதளத்தில் ஏற வேண்டும். ஐந்தாறு மாதத்தில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. விதிகள் இணையத்தில் இருந்தால் அதற்கு மதிப்பெண் உண்டு.

நாலு மாதம் மனிதர் சோறு தண்ணி பார்க்கவில்லை. பீரோ பீரோவாகத் திறந்து, தூசியில் தும்மித் தும்மி, ஒவ்வொரு சுற்றறிக்கையையும் ஸ்கேன் எடுத்து ஏற்றினார். ஏற்றி முடித்த அன்று பிற்பகல் நேரே கவுன்ட்டருக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"குருவே, முடிஞ்சது! அறுநூத்திப் பன்னெண்டு! ஒண்ணு விடல."

"அடேங்கப்பா!"

"ஆனா ஒரு சந்தேகம். இப்ப பிரிவு வாரியா அடுக்கியிருக்கேன். வருஷ வாரியா அடுக்கினா இன்னும் எடுப்பா இருக்குமோ? எது சரி, நீங்க சொல்லுங்க."

செண்பகவடிவு எழுந்து நின்று தன் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க சார். நான் கேன்டீன் வரைக்கும் போயிட்டு வரேன்."

"நானா? கவுன்ட்டர்லயா?"

"யார் என்ன கேட்டாலும் தளத்துல தேடி எடுத்துக் காட்டுங்க. ஒரே ஒரு நிபந்தனை. உங்களுக்குத் தெரிஞ்சதை வாயால சொல்லக் கூடாது. தளத்துல இருக்கறதைத்தான் காட்டணும்."

"பூ, இவ்வளவுதானா!" என்று உட்கார்ந்தார் சீடர்.

முதலில் ஒரு முதுகலை மாணவன் வந்தான்.

"சார், பஸ்ஸுல மார்க் ஷீட் தொலைஞ்சு போச்சு. வேற வாங்கணும்."

ஆரோக்கியநாதன் உற்சாகமாக 'தொலைந்தால்' என்று தட்டினார். ஒன்றும் வரவில்லை. 'மதிப்பெண் பட்டியல்' என்று தட்டினார். நூற்று நாற்பது வந்து விழுந்தன. தேர்வுப் பிரிவுக்குள் போனார். அதில் 'இதர' என்ற பகுதிக்குள் போனார். அதற்குள்ளே இன்னொரு 'இதர' இருந்தது. யார் இப்படி வைத்தது என்று பல்லைக் கடித்தார், வைத்தது அவர்தான்.

இருபது நிமிடம் கழித்து அகப்பட்டது. தலைப்பு: 'இரண்டாம்படி ஆவணங்கள் வழங்குதல் – நெறிமுறைகள்.'

"இந்தப் பேரைப் போட்டுத்தான் தேடணுமா சார்?" என்று அந்தப் பையன் அப்பாவியாகக் கேட்டான். "எனக்கு எப்படித் தெரியும்?"

ஆரோக்கியநாதனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சமாளித்துக்கொண்டார். ஒன்று இரண்டு அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்து வந்தவள் ஓர் இளம்பெண். நிரப்பிய படிவம் ஒன்றை மேசையில் வைத்தாள். முனைவர் பட்டப் பதிவை ரத்து செய்யக் கோரும் படிவம்.

"இதை வாங்கிக்கிட்டு, என் சர்டிபிகேட்டையெல்லாம் எங்கே திரும்ப வாங்கணும்னு சொல்லுங்க சார்."

"பேர் என்னம்மா?"

"பேச்சிக்கனி. உப்பளத்துல வேலை பார்க்கிற பெண்களைப் பத்தி ஆய்வு. அஞ்சு அத்தியாயம் எழுதியாச்சு. ஒண்ணுதான் பாக்கி."

"ஒண்ணுதானே பாக்கி! அப்புறம் ஏன்மா ரத்து?"

"ஆறு வருஷம் முடியப் போகுது சார். நடுவுல குழந்தை பிறந்துச்சு, ஒண்ணரை வருஷம் பேனாவைத் தொட முடியல. ஆறு வருஷத்துக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாதுன்னு உங்க தளத்துலயே போட்டிருக்கே. அவங்க ரத்து பண்றதுக்குள்ள நாமளே மரியாதையா எழுதிக் கொடுத்துடலாம்னு வீட்ல சொன்னாங்க."

கைபேசியை நீட்டினாள். அதில் சுற்றறிக்கை இருந்தது. பல்கலைக்கழக முத்திரை, கையெழுத்து எல்லாம் சரிதான். வருடம்தான் பத்து வருடம் பழசு.

ஆரோக்கியநாதனுக்கு வாய் துறுதுறுத்தது. பெண் ஆய்வாளர்களுக்கு எட்டு வருடம் என்று விதி மாறி ஐந்து வருடம் ஆகிறது. ஆட்சிக்குழுக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் தொண்டை கட்டும்வரை வாதாடி அந்த விதியை வாங்கித் தந்ததே அவர்தான். அந்த விதி யாருக்காக வந்ததோ அந்தப் பெண் எதிரே ரத்துப் படிவத்தோடு நிற்கிறாள். சொல்லலாம் என்றால் குருவின் நிபந்தனை குறுக்கே நிற்கிறது.

"கொஞ்சம் இருங்கம்மா. படிவத்தை நான் இன்னும் வாங்கல" என்று அதை அவள் பக்கமே தள்ளிவிட்டுத் தேட ஆரம்பித்தார்.

'பெண்' என்று தட்டினார். பெண்கள் விடுதியின் கேட் மூடும் நேரம் வந்தது. 'கூடுதல்' என்று தட்டினார். கூடுதல் சைக்கிள் நிறுத்தம் வந்தது. நெற்றியைத் தட்டி யோசித்தபோதுதான், அந்தச் சுற்றறிக்கைக்குத் தாம் வைத்த தலைப்பு ஞாபகம் வந்தது. 'சிறு திருத்தம் – தொடர்பாக.'

தட்டினார். நாற்பத்தொரு 'சிறு திருத்தம் – தொடர்பாக' வரிசை கட்டி நின்றன. அவருக்கு முழி பிதுங்கியது.

ஒவ்வொன்றாகத் திறந்தார். நேரம் ஓடியது. பேச்சிக்கனி கடிகாரத்தைப் பார்த்தாள். "வேண்டாம் சார், குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். படிவத்தை வாங்கிக்கோங்க, நான் கிளம்பறேன்."

"ஐயோ, போயிடாதீங்கம்மா! ஒரே ஒரு நிமிஷம்!"

முப்பத்து மூன்றாவதில் கிடைத்தது. ஸ்கேன் எடுத்தபோது தாள் குறுக்குவாட்டில் விழுந்திருந்தது. அவர் கழுத்தைச் சாய்த்து வாசித்தார். எதிரே நின்ற பேச்சிக்கனியும் எட்டிப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்தாள்.

'பார்வை ஒன்றில் காணும் சுற்றறிக்கையின் நான்காம் பத்தியில், ஆறு ஆண்டுகள் என்பதை அடுத்து, பெண் ஆய்வாளர்களுக்கு எட்டு ஆண்டுகள் எனச் சேர்த்து வாசிக்கவும்.'

அவ்வளவுதான். கீழே ஆரோக்கியநாதனின் கையெழுத்து, வளைந்து நெளிந்து, அத்தனை அழகாக.

"எட்டா?" என்றாள் பேச்சிக்கனி.

"எட்டு."

"நிஜமாவா சார்? அப்ப எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கா?"

அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். ரத்துப் படிவத்தை நாலாகக் கிழித்தாள். போதாமல் எட்டாகக் கிழித்தாள். ஆரோக்கியநாதனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதுதான் அவள் ஒன்று கேட்டாள்.

"இந்த ரத்துப் படிவம் தளத்தோட முதல் பக்கத்துலயே இருந்துச்சு சார். ரெண்டு தட்டுல கிடைச்சுது. இது மட்டும் ஏன் சார் இப்படி ஒளிஞ்சு கிடக்கு?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே கேட்டாள். ஆரோக்கியநாதன் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

செண்பகவடிவு திரும்பி வந்தபோது கிழிந்த காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார் சீடர்.

"என்ன சார், பிரிவு வாரியாவா? வருஷ வாரியாவா?"

"ஆளை விடுங்க குருவே. பழைய விதியும் அங்கேயே இருக்கு, புதுசும் அங்கேயே இருக்கு. பழசுதான் கைக்கு முதல்ல அகப்படுது."

"பழசை ஏன் எடுக்கல?"

"எடுத்தா எங்கே போச்சுன்னு கேட்பாங்க."

"யாரு?"

"குழுதான்."

"குழு எத்தனை நாள் இருக்கும்?"

"ரெண்டு நாள்."

செண்பகவடிவு தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்து நின்றவரைப் பார்த்து, "சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலையிலேயே ஆரோக்கியநாதன் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். வருகிறவர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்களோ அதையே தலைப்பாக எழுதினார். 'மார்க் ஷீட் தொலைந்துவிட்டதா?' 'குழந்தை பிறந்ததால் ஆய்வு தாமதமாகிறதா?' ஒவ்வொன்றுக்கும் ஒரே பக்கம், இன்றைக்குச் செல்லுபடியாகும் விதி மட்டும். பழைய தாள்களையெல்லாம் ஒரு தனிப் பக்கத்துக்குத் தள்ளி, 'இவை இப்போது செல்லாது' என்று கொட்டை எழுத்தில் போட்டார். அறுநூற்றுப் பன்னிரண்டையும் கரைத்து வடிகட்டினால் தேறியது ஐம்பத்தெட்டு.

குழு வந்தது, பார்த்தது, எண்ணியது. 'விதிகளின் எண்ணிக்கை குறைவு' என்று எழுதி நாலு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போனது.

பதிவாளர் குதி குதியென்று குதித்தார். "அறுநூத்திப் பன்னெண்டுன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன்! நாலு மாசமா ஏத்தினதை ஒரே மாசத்துல இறக்கினவர் உலகத்துலயே நீர் ஒருத்தர்தான்யா! திங்கட்கிழமைக்குள்ள எல்லாம் பழையபடி இருக்கணும். முடியாதுன்னா காரணத்தை எழுதிக் கொடும்."

ஆரோக்கியநாதன் தொங்கிய முகத்தோடு கவுன்ட்டருக்கு வந்தார்.

"நாலு மார்க் போச்சு குருவே. பழையபடி ஏத்தச் சொல்றாரு. ஏத்தட்டுமா? இல்ல, காரணம் எழுதணுமாம். நான் என்னத்தை எழுதுறது?"

செண்பகவடிவு மேசையின் இழுப்பறையைத் திறந்தார். காலியாக இருந்தது.

"பதிவை ரத்து பண்ற படிவமெல்லாம் இதுலதான் சார் வாங்கி வைப்பேன். மாசத்துக்கு ஏழெட்டு வரும். இந்த மாசம் ஒண்ணுகூட வரல."